திரை டிரைவரின் கால்பேக்குகளுக்கு ஆவணம் எழுதுவது

சில ஆண்டுகளுக்கு முன் லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவான கெர்னலின் திரை டிரைவர் ஒன்றில் நான் தேடிய பிழை வெளியிலிருந்து பார்க்க இப்படி இருந்தது. ஹெச்.டி.எம்.ஐ. வழியாக இணைத்த மானிட்டரில் 1920×1080 படம் நன்றாகத் தெரியும். பயனர் அமைப்புகள் பக்கத்தைத் திறந்து 4கே தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுப்பார். இந்தக் கணினிப் பலகையால் அது இயலாது என்று மறுப்பு வரும். அவரும் பக்கத்தை மூடிவிடுவார். அதன் பிறகும் படம் நன்றாகவே இருக்கும். பத்து நிமிடம் கழித்துத் திரை தானாக அணைந்து, ஏதேனும் ஒரு விசையை அழுத்தியதும் மீண்டும் எழ வேண்டிய வேளையில்தான், மானிட்டர் இந்த உள்ளீட்டை ஏற்க இயலாது என்று அறிவித்துவிட்டு இருண்டுவிடும்.

அந்தப் பிழையைத் தேடியதில்தான் கால்பேக்குகளுக்கு, அதாவது கெர்னல் அழைப்பதற்காக டிரைவர் தரும் ஃபங்ஷன்களுக்கு, ஆவணம் எழுதும் வேலையில் எனக்கு ஈடுபாடு வந்தது. ஆகவே அதை முழுமையாகச் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸில் திரையை இயக்கும் பொறுப்பு டி.ஆர்.எம். என்ற துணை அமைப்பிடம் இருக்கிறது. அதில் திரையின் தெளிவுத்திறனையும் புதுப்பிப்பு வேகத்தையும் அமைக்கும் பகுதிக்கு கே.எம்.எஸ். என்று பெயர், 2009 மார்ச்சில் வெளியான 2.6.29ஆம் பதிப்பில் அது கெர்னலுக்குள் வந்தது. இதன் மையக் குறியீட்டுக்கு எந்தச் சில்லின் ரெஜிஸ்டர்களும் (சில்லைக் கட்டுப்படுத்தும் நினைவிடங்கள்) தெரியாது. பிளேன் (பட அடுக்கு), சி.ஆர்.டி.சி. (அடுக்குகளைச் சேர்த்து நேர அளவுகளோடு அனுப்பும் பகுதி), என்கோடர், பிரிட்ஜ் (சமிக்ஞையை மாற்றுபவை), கனெக்டர் (மானிட்டர் இணையும் இடம்) என்று சில பொருள்களை அது வரையறுத்து வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஃபங்ஷன் சுட்டிகள் நிறைந்த ஸ்ட்ரக்ட் ஒன்று உண்டு. டிரைவர் எழுதுபவர் அந்தச் சுட்டிகளில் தம் ஃபங்ஷன்களைப் பொருத்திக் கொடுக்கிறார். மையம் உரிய வேளையில் அவற்றை அழைக்கிறது. இவற்றைத்தான் கால்பேக் என்றும் ஹூக் என்றும் சொல்கிறோம். ஒரு திரை டிரைவர் எழுதுவது என்பது பெரும்பகுதி இந்தக் கட்டங்களை நிரப்புவதுதான்.

அவற்றில் ஒன்று மோட் ஃபிக்ஸப். பயனர் கேட்ட திரைமுறையை வன்பொருளால் அப்படியே தர இயலாதபோது, அதற்கு ஏற்றபடி கடிகார வேகத்தையோ நேர அளவுகளையோ சற்றே திருத்திச் சொல்ல டிரைவருக்கு அது வாய்ப்பளிக்கிறது. நான் பார்த்த டிரைவரில் இந்த ஃபங்ஷன், கேட்கப்பட்ட பிக்சல் கடிகாரத்துக்கு (வினாடிக்கு எத்தனை பிக்சல்கள் அனுப்பப்படும் என்ற வேகத்துக்கு) எந்த வகுப்பான் பொருந்தும் என்று கணக்கிட்டு, அந்த எண்ணை டிரைவரின் தனிப்பட்ட ஸ்ட்ரக்ட்டில் சேமித்து வைத்தது. பிறகு திரையை எழுப்பும் ஃபங்ஷன் அந்த எண்ணை எடுத்து ரெஜிஸ்டரில் எழுதியது. வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் 1080 படத்துக்கு வழக்கமான பிக்சல் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ், வினாடிக்கு 30 முறை புதுப்பிக்கப்படும் 4கே படத்துக்கு 297 மெகாஹெர்ட்ஸ். சரியாக இரு மடங்கு.

நடந்தது இதுதான். மேசைச்சூழல் 4கே முறையை உடனே அமைத்துவிடாமல், ‘சோதனை மட்டும்’ என்ற கொடியோடு கெர்னலிடம் முதலில் கேட்டுப் பார்த்தது. எல்லா மாற்றங்களையும் ஒன்றாக ஏற்கும் அல்லது ஒன்றாக மறுக்கும் அடாமிக் இடைமுகம் இதற்காகவே அந்தக் கொடியை வைத்திருக்கிறது; ஒரு திரையமைப்பு சாத்தியமா என்று வன்பொருளைத் தொடாமலே கேட்கலாம். மையக் குறியீடு சோதனைக் கட்டத்தைத் தொடங்கி மோட் ஃபிக்ஸப்பை அழைத்தது. டிரைவர் 297 மெகாஹெர்ட்ஸுக்குரிய வகுப்பானைக் கணக்கிட்டுச் சேமித்தது. அடுத்த படியில் பிளேன்களைச் சோதித்தபோது நினைவகத்திலிருந்து தரவு வரும் வேகம் போதவில்லை என்று கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆனால் சேமித்த எண் அப்படியே தங்கிவிட்டது. திரை அணைந்து மீண்டும் எழும்போது திரைமுறை மாறுவதில்லை, இயக்க நிலை மட்டுமே மாறுகிறது என்பதால் மையம் மோட் ஃபிக்ஸப்பைத் திரும்ப அழைக்கவில்லை. திரையை எழுப்பும் ஃபங்ஷன் 1080 படத்தின் நேர அளவுகளோடு 4கே படத்தின் கடிகாரத்தைச் சேர்த்து எழுதியது. மானிட்டருக்கு வினாடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படும் ஒரு சமிக்ஞை போய்ச் சேர்ந்தது, அது மறுத்துவிட்டது.

அந்த டிரைவரை முதலில் எழுதியவர் கவனக்குறைவானவர் அல்லர். டிரைவர்களுக்கான பொது உதவி ஃபங்ஷன்களைக் கொண்ட பழைய துணை நூலகத்தின் காலத்தில் அதை எழுதினார். அப்போது மோட் ஃபிக்ஸப் அழைக்கப்பட்டால், அதைத் தொடர்ந்து வன்பொருளும் மாற்றப்படும் என்ற எதிர்பார்ப்பில் எழுதலாம். வழியில் கணக்கிட்டதைச் சேமித்து வைப்பதற்கு அனுமதியும் இருந்தது. பின்னர் அடாமிக் முறை வந்தது. 2015இல் வெளியான 4.2ஆம் பதிப்பிலிருந்து பயனர் நிரல்களுக்கான அதன் இடைமுகம் இயல்பாகவே கிடைக்கத் தொடங்கியது. டிரைவர்கள் ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற்றப்பட்டன. ஃபங்ஷனின் பெயர் மாறவில்லை. அதற்குக் கொடுக்கப்படும் உள்ளீடுகளின் வகையும் மாறவில்லை. கம்பைலர் எச்சரிக்க எதுவுமில்லை. மாறியது ஒப்பந்தம் மட்டுமே: இப்போது இது சோதனைக் கட்டத்தில் அழைக்கப்படும், அந்தச் சோதனை எந்தக் காரணத்துக்காகவும் இடையில் கைவிடப்படலாம், ஆகவே கொடுக்கப்பட்ட திருத்தத்திற்குரிய திரைமுறையைத் தவிர வேறு எந்த நிலையான தகவலையும் தொடக் கூடாது.

இந்த ஒப்பந்தம் இன்று கெர்னலின் தலைப்புக் கோப்பில், அந்த உறுப்புக்கு நேர் மேலே, தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. கைவிடப்படக் கூடிய கட்டம் என்பதும், வன்பொருளிலோ மென்பொருளிலோ நிலைத்திருக்கும் எதையும் தொடலாகாது என்பதும் அதில் உள்ளன. பழைய துணை நூலகத்தில் இது அனுமதிக்கப்பட்டிருந்தது, இப்போது இல்லை என்ற வேறுபாடும் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் கடைசிப் பகுதியை நான் பெரிதும் மதிக்கிறேன். புதிதாக வருபவருக்குத் தடை மட்டும் போதும்; பழைய டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு புதிய முறைக்கு மாற்றுபவருக்கோ, முன்பு சரியாக இருந்த ஒன்று இப்போது தவறு என்று யாராவது சொல்லியாக வேண்டும். அவர் கண்முன் இருக்கும் குறியீடு நேற்றுவரை ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சந்தேகிக்க அவருக்கு வேறு காரணமே கிடையாது.

சாதாரண ஃபங்ஷன் ஒன்றுக்கு ஆவணம் எழுதும்போது அது என்ன செய்யும் என்று எழுதுகிறோம். கால்பேக் அப்படிப்பட்டதன்று. அது என்ன செய்யும் என்பது டிரைவர் எழுதுபவரின் கையில் இருக்கிறது. ஆவணம் எழுதுபவருக்கு அது தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அவர் எழுத வேண்டியது மறுபக்கத்தை: யார், எப்போது, எந்தச் சூழலில் அழைக்கிறார், அழைக்கும்போது எந்தப் பூட்டுகளைப் பிடித்திருக்கிறார், உள்ளே தூங்கலாமா (வேறொன்றுக்காகக் காத்து நிற்கலாமா), எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, திரும்பக் கொடுக்கும் எண்ணை அவர் எப்படிப் புரிந்துகொள்வார், இந்தச் சுட்டியைக் காலியாக விட்டால் என்ன பொருள். ‘திரைமுறையைத் திருத்துவதற்கான ஃபங்ஷன்’ என்று மோட் ஃபிக்ஸப்பின் மேல் ஒரு வரி எழுதி வைப்பது, பெயரையே திரும்பச் சொல்வதைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்படிப்பட்ட வரிகள் பல கெர்னல் பகுதிகளில் இன்றும் கிடக்கின்றன. அவை ஆவணம் இருப்பதாக ஒரு தோற்றத்தை உண்டாக்குவதால், எதுவுமே இல்லாத வெற்றிடத்தைவிட அவை தீங்கானவை என்பது என் கருத்து.

இதற்கு இடையில் ஒரு சிறு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எந்தக் கால்பேக்கைப் பற்றி எழுதுவதற்கு முன்பும் அதை நான் தமிழில் ஒருவருக்கு வாய்விட்டு விளக்கிப் பார்ப்பேன். ‘இது அழைக்கப்படும்’ என்று தொடங்கினால், கேட்பவர் உடனே ‘யார் கூப்பிடுவார்கள்?’ என்று கேட்டுவிடுவார். ஆங்கிலத்தில் எழுதும்போது செயப்பாட்டு வினைக்குள் எளிதாக ஒளிந்துகொள்ளும் அந்த ‘யார்’ என்பதுதான், கால்பேக் ஆவணத்தில் முதலில் எழுதப்பட வேண்டிய சொல்.

தூங்கலாமா என்ற கேள்விக்கு ஓர் எடுத்துக்காட்டு. சி.ஆர்.டி.சி.க்கு எனேபிள் விபிளாங்க் என்றொரு கால்பேக் உண்டு. திரை ஒரு சட்டகத்தை வரைந்து முடித்து அடுத்ததைத் தொடங்கும் முன் உள்ள இடைவெளிதான் விபிளாங்க். வழக்கமான 1080 முறையில் ஒரு சட்டகத்துக்கு மொத்தம் 1125 வரிகள். அவற்றில் 1080 மட்டுமே கண்ணுக்குத் தெரிபவை. எஞ்சிய 45 வரிகளுக்குரிய நேரம், ஏறத்தாழ 0.67 மில்லிவினாடி, இந்த இடைவெளி. ஒவ்வொரு சட்டகத்திலும் இந்த வேளையில் ஓர் இன்டரப்டை (செயலியின் கவனத்தைத் திருப்பும் குறிப்பை) எழுப்பும்படி வன்பொருளுக்குச் சொல்வதுதான் எனேபிள் விபிளாங்கின் வேலை. கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை ஒன்றாக்கினால் போதும்.

உடன் பணியாற்றிய இளைஞர் ஒருவர் எழுதிய டிரைவரில், அந்த ரெஜிஸ்டரைத் தொடும் முன் வன்பொருளுக்கு மின்சாரம் வந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வதற்காக, மின்மேலாண்மையின் விழித்தெழு ஃபங்ஷனை அழைத்திருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் மையக் குறியீடு எனேபிள் விபிளாங்கை அழைக்கும்போது ஸ்பின்லாக் என்ற வகைப் பூட்டைப் பிடித்துக்கொண்டு, இன்டரப்டுகளை அடைத்துவிட்டு அழைக்கிறது. அங்கே தூங்கக் கூடாது. மின்மேலாண்மையின் அந்த ஃபங்ஷனோ சில வேளைகளில் தூங்கும், சில வேளைகளில் தூங்காது. வன்பொருள் ஏற்கெனவே விழித்திருந்தால் உடனே திரும்பிவிடும். அதனால் அவருடைய மேசையில் எந்தக் குறையும் தெரியவில்லை. தூங்கக் கூடாத சூழலில் தூங்குவதைக் கண்டறியும் சோதனை அமைப்பை இயக்கிக் கெர்னலைத் தொகுத்ததும், முதல் நிமிடத்திலேயே, தூங்கும் ஃபங்ஷன் தகாத சூழலில் அழைக்கப்பட்டது என்ற எச்சரிக்கை நீண்ட அழைப்புத் தடத்தோடு திரையில் வந்து விழுந்தது.

‘இது தூங்கக் கூடாத இடம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?’ என்று அவர் கேட்டார். அழைக்கும் குறியீட்டைத் தேடிப் படித்தால் தெரியும் என்று சொல்லலாம். கெர்னல் வட்டாரத்தில் பெரும்பாலானோர் அப்படித்தான் சொல்வார்கள். அந்தப் பதில் எனக்கு உடன்பாடில்லை. மூலக்குறியீடு, இந்தப் பதிப்பில் இப்போது என்ன நடக்கிறது என்பதைத்தான் காட்டும். அடுத்த பதிப்பிலும் எது உறுதியாக நடக்கும், எது தற்செயல் என்பதை அது காட்டாது. ஒப்பந்தத்துக்கும் தற்செயலுக்கும் உள்ள வேறுபாட்டை எழுத்தால் மட்டுமே சொல்ல முடியும்.

இந்த வேறுபாடு கடுமையாக உறைக்கும் இடம் வரிசை. அடாமிக் துணை நூலகத்தில் ஒரு மாற்றத்தை வன்பொருளில் எழுதும் கடைசிக் கட்டம் உண்டு. அதன் இயல்பான வடிவில், முதலில் அணைக்க வேண்டியவை அணைக்கப்படும்; பிறகு பிளேன்கள் எழுதப்படும்; அதன் பின்னரே எழுப்ப வேண்டிய சி.ஆர்.டி.சி.கள் எழுப்பப்படும். அதாவது பிளேனின் ரெஜிஸ்டர்களை எழுதும் வேளையில் அந்தச் சி.ஆர்.டி.சி. இன்னும் உறங்கிக்கொண்டிருக்கலாம். பயன்படாதபோது மின்சாரத்தையே துண்டித்துவிடும் கைப்பேசிச் சில்லுகளில் அந்த எழுத்து காற்றில் எழுதியதாகப் போகும். சில சில்லுகளில் உட்பகுதிகளை இணைக்கும் தடமான பஸ்ஸே உறைந்து நின்றுவிடும். அதற்காகவே மின்மேலாண்மையுள்ள வன்பொருளுக்கென்று அதே கட்டத்தின் இன்னொரு வடிவம் இருக்கிறது; அதில் சி.ஆர்.டி.சி. முதலில் எழுப்பப்பட்டு, பிறகே பிளேன்கள் எழுதப்படுகின்றன. இரண்டும் ஒரே நூலகத்தில், அருகருகே, ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் இருக்கின்றன. அழைக்கப்படும் கால்பேக்குகளும் அவையே. ஒன்றைப் படித்துவிட்டு அதன் வரிசையை நம்பி எழுதிய டிரைவர், மற்றொன்றில் உடைந்துபோகும். எந்த வரிசையை எந்த வடிவம் உறுதியளிக்கிறது என்று அவற்றின் விளக்கக் குறிப்புகள் சொல்வதால்தான் டிரைவர் எழுதுபவர் தெரிந்து தேர்ந்தெடுக்க முடிகிறது.

பிரிட்ஜ்களில் வரிசை இன்னும் நுட்பமானது. ஒரு சில்லிலிருந்து மானிட்டர் வரை இரண்டு மூன்று மாற்றிகள் சங்கிலியாக இருக்கலாம். எழுப்புவதற்கு முந்தைய கால்பேக் சங்கிலியின் கடைசியிலிருந்து முதலுக்கு அழைக்கப்படும். எழுப்பும் கால்பேக் முதலிலிருந்து கடைசிக்கு அழைக்கப்படும். முந்தையது அழைக்கப்படும்போது இந்தப் பிரிட்ஜுக்குக் கடிகாரமும் சமிக்ஞையும் இன்னும் வரத் தொடங்கியிருக்காது என்பதையும் ஆவணம் சொல்லிவிடுகிறது. அந்த ஒரு குறிப்புதான், எந்த ரெஜிஸ்டரை எந்தக் கால்பேக்கில் எழுதலாம் என்று தீர்மானிக்க உதவுவது.

பொருள் மாறும் சுட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே இரண்டு முறை தடுக்கி விழுந்திருக்கிறேன். ஒவ்வொரு சி.ஆர்.டி.சி.யும் தன் நிலையைக் குறிக்கும் ஒரு சுட்டியை வைத்திருக்கிறது. சோதனைக் கட்டத்தில் அந்தச் சுட்டி இப்போது திரையில் இருக்கும் பழைய நிலையைக் காட்டும். சோதனை வெற்றி பெற்று நிலைகள் இடம் மாறிய பிறகு, அதே சுட்டி புதிய நிலையைக் காட்டும். ஆகவே ஒரே சொற்றொடரைச் சோதனைக் கட்டத்தின் அடாமிக் செக்கில் எழுதினால் பழையது, வன்பொருளில் எழுதும் கட்டத்தின் அடாமிக் ஃப்ளஷில் எழுதினால் புதியது. ஓர் ஃபங்ஷனிலிருந்து மற்றொன்றுக்கு நான்கு வரிகளை நகர்த்தி ஒட்டினால் போதும், பொருள் தலைகீழாகிவிடும். எந்தக் கருவியும் எச்சரிக்காது. பின்னர் வந்த பதிப்புகளில் இந்தக் கால்பேக்குகளுக்கு ஒற்றை சி.ஆர்.டி.சி.யின் நிலைக்குப் பதிலாக மாற்றத்தின் முழு நிலையும் கொடுக்கப்படுகிறது. பழைய நிலை வேண்டும், புதிய நிலை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்குவதற்குத் தனித்தனி ஃபங்ஷன்களும் இருக்கின்றன. ஆவணத்தால் விளக்க வேண்டியிருந்த ஒன்றை இடைமுகத்தையே திருத்திச் சரிசெய்தது மிக நல்ல முடிவு. விளக்கக் குறிப்பு எழுதும்போது ஒரு வாக்கியம் மூன்று முறை எழுதியும் சிக்கலாகவே வந்தால், சிக்கல் வாக்கியத்தில் இல்லை, இடைமுகத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பக் கொடுக்கும் எண்களைப் பற்றி எழுதும்போது, என்ன எண் என்பதோடு நிறுத்தாமல், அழைத்தவர் அதை வைத்து என்ன செய்வார் என்றும் எழுத வேண்டும். அடாமிக் செக் மூன்று வகைப் பிழைகளைத் திருப்பலாம். மைனஸ் 22 என்றால் இந்த அமைப்பை இந்த வன்பொருளால் தர இயலாது. கேட்ட பயனர் நிரல் வேறு அமைப்பை முயலும். மைனஸ் 12 என்றால் நினைவகம் கிடைக்கவில்லை. மைனஸ் 35 மட்டும் வேறு இனம். இன்னொரு பொருளின் நிலையைக் கேட்டபோது பூட்டுகள் ஒன்றையொன்று மறிக்கும் நிலை வந்துவிட்டது, எல்லாப் பூட்டுகளையும் விட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அதன் பொருள். அதைப் பிழை என்று எண்ணி மைனஸ் 22 ஆக மாற்றிக் கொடுத்த டிரைவரைப் பார்த்திருக்கிறேன். சாத்தியமான அமைப்பு ஒன்று, ஆயிரத்தில் ஒரு முறை, காரணமின்றி மறுக்கப்படும். அப்படிப்பட்ட பிழையை நேருக்கு நேர் பிடிப்பது மிகக் கடினம்.

கனெக்டரின் கெட் மோட்ஸ் இதற்கு எதிர்மாறு. அது எத்தனை திரைமுறைகளைச் சேர்த்தது என்ற எண்ணிக்கையைத் திருப்ப வேண்டும். தோல்வி என்றால் பூஜ்யம். கெர்னலில் மற்ற எல்லா இடங்களிலும் பழகிய கைகள் இங்கும் எதிர்மறைப் பிழை எண்ணைத் திருப்பிவிடும். எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால், மானிட்டர் தன் விவரங்களைச் சொல்லாவிட்டாலும் 1024×768 வரையிலான பொது முறைகளை மையம் தானாகச் சேர்த்துக் கொடுக்கும். முன்பு எதிர்மறை எண் வந்தால், பூஜ்யமா என்ற அந்தச் சோதனை பொருந்தாமல் போனது. இப்போது மையமே எதிர்மறை எண்ணைக் கண்டால் பதிவேட்டில் குறை சொல்லிவிட்டுப் பூஜ்யமாக எடுத்துக்கொள்கிறது. தோல்வியில் பூஜ்யம் என்று ஆவணமும் வெளிப்படையாகச் சொல்கிறது.

காலியாக விடுவதற்கும் பொருள் உண்டு. கனெக்டரின் டிடெக்ட் கால்பேக்கை எழுதாமல் விட்டால், அந்தக் கனெக்டர் எப்போதும் இணைக்கப்பட்டிருப்பதாகத் துணை நூலகம் எடுத்துக்கொள்ளும். மடிக்கணினியின் உள்திரைக்கு அது சரி. ஹெச்.டி.எம்.ஐ. துளைக்கு அது தவறு. ‘விருப்பத்துக்குரியது’ என்ற ஒற்றைச் சொல் இதைச் சொல்லாது. விட்டால் என்ன ஆகும் என்று தொடர்ந்து எழுத வேண்டும்.

இந்த ஆவணங்கள் இன்று இருக்கும் இடத்துக்கு வந்த கதையும் ஒரு பாடம். தொடக்கத்தில் அவை டாக்புக் என்ற ஆவண வடிவில், குறியீட்டிலிருந்து விலகி, தனிக் கோப்பாக இருந்தன. 2012இல் கெர்னல் உருவாக்குநர் லாரன்ட் பின்ஷார் டிரைவரின் உள்ளமைப்பைப் பற்றி விரிவாக எழுதிச் சேர்த்தார். டிரைவர் எழுதுவோர் பலருக்கு அதுவே முதல் வழிகாட்டி. ஆனால் தனிக் கோப்பின் குறை, குறியீட்டை மாற்றுபவரின் கண்ணில் அது படாது என்பதுதான். பின்னர் இன்னொரு கெர்னல் உருவாக்குநரான டேனியல் வெட்டர், துணை நூலகங்களின் கால்பேக் ஸ்ட்ரக்ட்களை எல்லாம் ஒரே தலைப்புக் கோப்பில் திரட்டி, ஒவ்வொரு உறுப்பின் தலைக்கு மேலேயும் அதற்குரிய விளக்கத்தை எழுதினார். 2016 மார்ச்சில் வெளியான 4.5ஆம் பதிப்பில் அது வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வெளியான 4.8இல் ஆவண அமைப்பு ஸ்பிங்க்ஸ் என்ற கருவிக்கு மாறத் தொடங்கியதால், அந்தக் குறிப்புகளே இணைப்புகளுள்ள பக்கங்களாகவும் வெளிவருகின்றன. உறுப்புக்கு மேலேயே விளக்கம் இருப்பதால், ஃபங்ஷனின் உள்ளீட்டை மாற்றும் பேட்ச்சில் (குறியீட்டுத் திருத்தத்தில்) விளக்கமும் சேர்ந்து கண்ணில் படுகிறது. பேட்ச்சைச் சரிபார்ப்பவரும் அதைக் கேட்க முடிகிறது.

மைக்ரோசாஃப்ட்டின் வழி வேறு. விண்டோஸ் விஸ்டாவோடு வந்த அவர்களுடைய திரை டிரைவர் மாதிரியில், இயங்குதளம் டிரைவரை அழைக்கும் ஃபங்ஷன்களுக்கு டி.டி.ஐ. என்றும், டிரைவர் இயங்குதளத்தைத் திரும்ப அழைப்பவற்றுக்கு சி.பி. என்றும் பெயரிலேயே முன்னொட்டு உண்டு. அழைப்பின் திசையை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு ஃபங்ஷனின் பக்கத்திலும் அது எந்த இன்டரப்ட் நிலையில் அழைக்கப்படும் என்பதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. டிரைவருக்குள் ஒரே வேளையில் எத்தனை இழைகள் நுழையலாம் என்பதைப் பூஜ்யம் முதல் மூன்று வரை நான்கு நிலைகளாகப் பிரித்துச் சொல்கிறார்கள். மூன்றாம் நிலையில் ஒரே இழைதான், அதுவும் கிராஃபிக்ஸ் செயலி ஓய்ந்திருக்கும்போது. மூலக்குறியீட்டைப் பார்க்க இயலாதவர்களுக்காக எழுத வேண்டியிருந்ததால் அந்த ஒழுங்கு வந்தது. பார்க்க முடிந்தவர்களுக்கும் அது வேண்டும் என்பதுதான் என் வாதம். லினக்ஸில் பூட்டும் சூழலும் பற்றிய தகவல் உரைநடையின் நடுவே எங்கேயோ வருகிறது, அல்லது வராமலே போகிறது. நாங்கள் பராமரிக்கும் டிரைவர்களுக்குள், எங்களுடைய சொந்தக் கால்பேக் ஸ்ட்ரக்ட்களுக்கு, ஒவ்வொரு உறுப்பின் குறிப்பிலும் ‘சூழல்’ என்று தனிப் பத்தி வைத்திருக்கிறேன். எனேபிள் விபிளாங்கின் வழியாக அழைக்கப்படும் எங்கள் ஃபங்ஷனுக்கு மேலே இப்போது ஸ்பின்லாக் பிடித்த நிலை, தூங்கக் கூடாது, மின்சாரம் ஏற்கெனவே வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம் என்ற மூன்று தகவல்களும் இருக்கின்றன.

கெர்னலின் ஆவணக் கருவி, விளக்கமில்லாத உறுப்பைக் கண்டால் எச்சரிக்கும். விளக்கம் தவறாக இருப்பதை அதனால் கண்டறிய முடியாது. அதனால் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் எங்கள் குறிப்புகளைப் படிக்கக் கொடுத்து, பதில் கிடைக்காத கேள்விகளை எழுதித் தரச் சொல்கிறேன். மானிட்டர் இருண்ட அந்தப் பிழையைத் திருத்தி, வகுப்பானைத் தனிப்பட்ட ஸ்ட்ரக்ட்டிலிருந்து எடுத்து, சி.ஆர்.டி.சி.யின் நிலையோடு சேர்த்துப் பிரதியெடுக்கப்படும் எங்கள் சொந்த நிலைக்குள் வைத்த பிறகு, மோட் ஃபிக்ஸப்பின் மேல் ஏறத்தாழ பதினைந்து வரிகள் எழுதியிருந்தேன். எல்லாம் சொல்லியாயிற்று என்றே நினைத்தேன். சென்ற மாதம் அதைப் படித்த ஒருவர் திருப்பிக் கொடுத்த தாளில் ஒரே கேள்விதான் இருந்தது: ஒரே மாற்றத்துக்கு இது இரண்டு முறை அழைக்கப்படுமா?

அழைக்கப்படும். பூட்டு மறிப்பு வந்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கினால், புதிய நிலைப் பிரதியோடு மீண்டும் வரும். அதைத் தவிர, ஒரு பிளேனின் மாற்றம் முழுத் திரைமுறை மாற்றத்தைக் கோருகிறது என்று டிரைவரே சோதனையின் நடுவில் கண்டால், திரைமுறைச் சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும் என்று மையத்தின் ஆவணமே சொல்கிறது. அப்போது அதே நிலைப் பிரதியின் மேல் இரண்டாம் முறையாக மோட் ஃபிக்ஸப் வரலாம். எங்கள் ஃபங்ஷன், திருத்திய கடிகாரத்தை மறுபடியும் திருத்தினால் அதே விடைதான் வருமா என்று அன்று மாலை கணக்கிட்டுப் பார்த்தேன். வந்தது. அதைப் பதினாறாவது வரியாக எழுதிச் சேர்த்து, பேட்ச்சை அவர் பெயரிலேயே அனுப்பச் சொன்னேன்.